சாமைச் சோறும் சோறுதான்!

கொல்லிமலைக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்களின் கார் டிக்கியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, தலைசுற்றல் தெளிந்த பிறகு பையைப் பையாக எண்ணுவார்கள். ஐந்து கிலோ சாமை. இரண்டு கிலோ தினை. கேழ்வரகு மாவு. ஒரு பாட்டில் மலைத்தேன். ஒரு சீப்பு மலை வாழைப்பழம். சீசனாக இருந்தால் ஒரு பலாப்பழம். கொஞ்சம் மிளகு. முடவாட்டுக்கால் கிழங்கு ஒன்றிரண்டு.

"எதுக்குங்க இவ்வளவு?" என்று கேளுங்கள். "அப்பாவுக்கு ஷுகர். மலைப் பொருள் எல்லாம் ஷுகருக்கு ரொம்ப நல்லதாமே!" என்று பதில் வரும்.

நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் எது, எவ்வளவு, எப்படிச் சமைத்து என்று மூன்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் விட்டுவிட்டு, அரிசியைத் தலைமுழுகி, மூன்று வேளையும் சாமையும் தினையுமாகச் சாப்பிட்டவர்கள், "சாப்பாட்டுக்கு அப்புறம் 260 காட்டுதே, டாக்டர்!" என்று விழிப்பது சகஜமாகிவிட்டது. அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. "இனிமே சிறுதானியம்தானே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவது! கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் சத்தம் போடாமல் கெட்டுக்கொண்டே போகும். நமக்குத் தெரிய வருவது கடைசியில்தான்.

அதனால் அந்த டிக்கியில் இருக்கிற பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். அதற்கு முன், அந்தச் சாமை விளைந்த மலையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டுத் தட்டில் நடந்ததும் அதேதான்.

மலையிலும் மாறிப்போன சாப்பாடு

நாமக்கல் மாவட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற மலை கொல்லிமலை. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். (பெயரைப் பார்த்துக் கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.) அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு சாமையும் தினையும் கேழ்வரகும்தான். நம் ஊர்க் கடையில் 'சாமை' என்று ஒரே மூட்டை இருக்கிறது. அங்கே கட்டவெட்டி சாமை, மல்லிய சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, திரிகுலா சாமை என்று இனம் இனமாக வைத்திருந்தார்கள். தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை என்று பல வகை.

பிறகு மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு மூட்டை மூட்டையாக வேண்டும். கைக்குக் காசு வருகிற பயிர். சாமை நிலங்கள் மரவள்ளி நிலங்களாயின. இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டு, உலக்கையால் குத்திக் குத்திப் புடைக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான். வயல் வேலையையும் முடித்துவிட்டு வந்து, ராத்திரிச் சோற்றுக்காகத் தினமும் குத்த வேண்டும் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? ரேஷன் கடையில் வெள்ளை அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது 2008-ல். 2011 முதல் இலவசமாகவே வருகிறது. உலக்கை மூலையில் சாய்ந்ததில் ஆச்சரியம் என்ன?

டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் சென்னையில் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கொல்லிமலையில் இந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கியது. கிராமத்தில் விதை வங்கிகள், உமி நீக்கச் சின்ன மில்கள், பெண்கள் குழுக்கள் மூலம் விற்பனை என்று ஏற்பாடுகள் நடந்தன. குத்துகிற வேலை குறைந்தால்தான் சாமை திரும்பி வரும் என்று புரிந்துகொண்ட காரியம் அது. இன்று உங்கள் டிக்கியில் சாமை ஏறுகிறது என்றால், அந்த முயற்சிக்கும் அதில் பங்கு உண்டு. 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடிய பிறகு கேட்கவே வேண்டாம். நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் தனி அலமாரியே வந்துவிட்டது!

இங்கே ஒரு சின்ன விஷயத்தை யோசியுங்கள். பழைய நாளில் மலையில் சாமை சாப்பிட்டவர் எப்படிச் சாப்பிட்டார்? கையால் குத்திய, தவிடு போகாத சாமை. கூடவே அவரை, மொச்சை, கீரை. நாள் முழுக்க ஏற்றமும் இறக்கமுமாக நடை. நாம் சாமையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். மொச்சையையும் நடையையும் மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்!

கொஞ்சம் கணக்கு

பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். அதே 100 கிராம் சாமையில் சுமார் 65 கிராம். கேழ்வரகில் சுமார் 67 கிராம். கலோரியில் அரிசிக்கும் சாமைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டும் 350-ஐ ஒட்டித்தான். சாமை ஜெயிப்பது நார்ச்சத்தில்: அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை, சாமையில் ஏழு கிராமுக்கு மேல், கேழ்வரகில் பதினொன்று. புரதமும் அரிசியைவிடச் சாமையில் கூடுதல்.

நார்ச்சத்து என்ன செய்யும்? சாப்பிட்ட மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் கலக்கிற வேகத்தைக் குறைக்கும். இந்த வேகத்தை அளக்கத்தான் 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். குளுக்கோஸுக்கு 100. ஹைதராபாத் அருகிலுள்ள 'இக்ரிசாட்' நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்டார்கள். அதில் சிறுதானியங்களின் சராசரி 52.7, தீட்டிய அரிசிக்கு 71.7. ஆக, வேகம் குறைவு என்பது உண்மை.

ஆனால் வேகம்தான் குறைகிறது, அளவு அப்படியே இருக்கிறது! 'அரிசிதான் கெடுதல், சாமை நல்லது' என்று ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டியாகப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? 50 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டால் 39 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் சாமையைச் சோறாக்கிச் சாப்பிட்டால் 65. எது ஷுகரை அதிகம் ஏற்றும்? நீங்களே சொல்லுங்கள்.

இதை வெறும் வீட்டுக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். நாடு முழுக்க நடந்த ஐ.சி.எம்.ஆர். 'இண்டியாப்' ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் சொன்னது. அதே ஆய்வில் 18 ஆயிரம் பேருக்கு மேல் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுத் தொகுத்து 2025-ல் வெளியிட்டார்கள். நம்மவர்கள் சாப்பிடுகிற கலோரியில் 62 சதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சின்னப் பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் மாதிரியான புரதம் வந்தால் அபாயம் குறைவாகக் காணப்பட்டது. மலையில் விட்டுவிட்டு வந்த மொச்சை ஞாபகம் வருகிறதா?

வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

இப்போது சாமைப் பையைப் பிரியுங்கள். கையில் கொஞ்சம் அள்ளிப் பாருங்கள். மங்கலான பழுப்பு, லேசான சாம்பல் நிறம் இருந்தால் தவிடு கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது. முத்து மாதிரி பளபளவென்று வெள்ளையாக இருந்தால், நன்றாகத் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தவிட்டோடு மாட்டுக்குப் போய்விட்டன. 'சீக்கிரம் வேகுது, பார்க்க அழகா இருக்கு' என்று நாம் கேட்பதால்தான் கடைக்காரரும் அதையே வாங்கி வைக்கிறார். அப்படித் தீட்டிய சாமைக்கு அரிசியைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பது என்னைக் கேட்டால் வீண் செலவு.

தீட்டாத சாமையில் ஒரு தொல்லை. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் ரொம்ப நாள் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்காமல், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது.

சமைக்கிற விதம் சுலபம். களைந்து அரை மணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு, உதிர் உதிராக எடுத்துவிடுங்கள். 200 கிராம் சாமையில் நாலு பேர் சாப்பிடலாம். ஆளுக்கு 50 கிராம். "இது யானைப் பசிக்குச் சோளப்பொரி இல்லையா?" என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். சோற்றைக் கூட்டாதீர்கள், தட்டில் மற்றதைக் கூட்டுங்கள். பாதித் தட்டு நிறையக் காய், கீரை. கால் தட்டு கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று எது உங்கள் வீட்டு வழக்கமோ அது. மிச்சக் கால் தட்டுதான் சோற்றுக்கு. இத்தனை நாளும் சோற்றுக்குப் பொரியலைத் தொட்டுக்கொண்டோம். இனி பொரியலுக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள்! காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற ஷுகர் இன்னும் தணிகிறது. எழுந்து பத்து நிமிஷம் வாசலில் நடந்தால் அதுவும் ஒரு லாபம்.

இட்லி வேண்டுமா? மூன்று பங்கு சாமைக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். நன்றாகவே வரும். ஆனால் சாமை இட்லியும் எண்ணித்தான் சாப்பிட வேண்டும். இரண்டு, போனால் மூன்று. சட்னியைக் குறைத்து சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள்.

களியா, கஞ்சியா?

அடுத்த பை கேழ்வரகு மாவு. ஷுகர் உள்ளவர்கள் வீட்டில் காலை எழுந்ததும் பெரிய டம்ளரில் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. 'லேசான ஆகாரம்' என்று பெயர். கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு நல்லது. ஆனால் மைய அரைத்து, சலித்து, நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி வயிற்றில் தங்காது. பல்லுக்கும் வயிற்றுக்கும் வேலையே வைக்காமல் குடலுக்குப் போய், சர்க்கரையாக மாறி, விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். ஒரு மணி நேரத்தில் பசியும் எடுக்கும்!

அதே கேழ்வரகைக் கொஞ்சம் கரகரப்பாகத் திரித்து, சலிக்காமல், கெட்டிக் களியாகக் கிளறி, ஒரு சின்ன உருண்டை எடுத்துக் கீரைக் குழம்போடு சாப்பிடுங்கள். அல்லது முருங்கைக்கீரை, வெங்காயம் தாராளமாகப் போட்டு அடை. கஞ்சிதான் வேண்டும் என்றால் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, அரை டம்ளர். கூட ஒரு கிண்ணம் சுண்டல் இருக்கட்டும். தினைமாவுக்கும், 'இருபது தானியம் கலந்தது' என்று விற்கிற சத்துமாவுக்கும் இதே விதிதான். எத்தனை தானியம் கலந்தாலும் மாவு மாவுதான்.

தேனும் தினைமாவும்

மலைத்தேனைப் பற்றி ஒரு வார்த்தை. "தேன் இயற்கைதானே, சர்க்கரை இல்லையே?" என்று கேட்காத வீடு கிடையாது. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை! ஒரு மேஜைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம். தேன் கனமானது என்பதால், அதே கரண்டி வெள்ளைச் சர்க்கரையைவிடக்கூட இது அதிகம். மலையில் எடுத்தால் என்ன, மரப்பொந்தில் எடுத்தால் என்ன? வள்ளியம்மை தேனும் தினைமாவும் கொடுத்ததும் முருகன் சாப்பிட்டதும் சரிதான். முருகனுக்கு ஷுகர் இல்லை! நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

மலை வாழைப்பழம் பாதி, சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில், ஷுகர் கட்டுக்குள் இருக்கிற நாளில் சாப்பிடலாம். பலாவில் இரண்டு சுளை. அதற்குமேல் கை போகாமல் இருக்க வேண்டும் என்றால், பழத்தை நறுக்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

மரவள்ளிக் கிழங்கு டிக்கியில் இருக்கிறதோ இல்லையோ, அதன் குழந்தையான ஜவ்வரிசி உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும். காய்ச்சல் வந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி, விரதம் என்றால் ஜவ்வரிசி உப்புமா. ஜவ்வரிசி என்பது கிழங்கிலிருந்து நாரையும் சக்கையையும் நீக்கிப் பிரித்தெடுத்த மாவு. கிட்டத்தட்ட மாவுச்சத்து மட்டுமே. ஷுகர் உள்ளவருக்கு உடம்பு முடியாத நாளில் ஏற்கெனவே ஷுகர் ஏறும். அன்றைக்குப் போய் இதைக் கொடுக்காதீர்கள். பருப்புத் தண்ணீர் கலந்த நொய்க் கஞ்சியோ, மோர் சேர்த்த கஞ்சியோ அளவாகப் போதும்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பை முழங்கால் வலிக்கு என்று மலையில் விற்கிறார்கள். மிளகு போட்டு, குளிருக்குச் சூடாகக் குடிக்க நன்றாகவே இருக்கும். ஷுகருக்கும் அதற்கும் சம்பந்தம் வைக்க வேண்டாம். மூலிகைக் கடைகளில் கிடைக்கிற சிறுகுறிஞ்சான் விஷயம் வேறு. அந்த இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது. நாக்குக்குத் தெரியாவிட்டாலும் ரத்தத்துக்குத் தெரியுமே! மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்கிற அளவுக்குச் சான்று இல்லை. சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

உங்கள் உடம்பைக் கேளுங்கள்

ஒருவருக்குச் சாமை ஒத்துக்கொள்ளும். இன்னொருவருக்கு அதே அளவில் ஷுகர் எகிறும். அதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கிற குளுக்கோமீட்டர் போதும். ஒரு நாள் மதியம் அரிசி 50 கிராம் சோறாக்கி, வழக்கமான சாம்பார், பொரியலோடு சாப்பிடுங்கள். முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். இன்னொரு நாள் அதே சாம்பார், அதே பொரியல், அரிசிக்குப் பதில் சாமை 50 கிராம். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். களிக்கும் கஞ்சிக்கும் இதே மாதிரி செய்து பாருங்கள். பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள், வெறும் வயிற்றில் 80-லிருந்து 130-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். பக்கத்து வீட்டு மாமியின் அனுபவத்தைவிட இந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் பருப்பு, கீரை, கேழ்வரகு எதையும் தாங்களாகக் கூட்டாமல் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அவர்களுடைய பத்தியம் தனி.

இன்னொன்று, ஷுகர்காரருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் சாமை வடித்து, மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து நெய்ச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலுமாகச் சாப்பிடுகிற வீடுகள் நிறைய. இது பத்து நாளைக்கு மேல் ஓடாது. பதினோராவது நாள் அவர் சமையலறையில் திருட்டுத்தனமாக ஒரு கரண்டி போட்டுக்கொள்வார். அப்பாவுக்கு ஷுகர் என்றால் பிள்ளைக்கும் வரக்கூடிய வாய்ப்பு அதிகம்தானே? எல்லாருக்கும் ஒரே தட்டு என்று வைத்துவிட்டால், சமைக்கிறவருக்கும் ரெட்டை வேலை மிச்சம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைக்கிறபோது, இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஷுகர் தடாலென்று இறங்கலாம். எனவே சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டோஸைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். இது மலைப் பயணத்துக்கும் பொருந்தும். காலையில் மாத்திரை போட்டாகிவிட்டது; எழுபது வளைவில் வாந்தி எடுத்துச் சாப்பிட்டதெல்லாம் போய்விட்டது; அந்த வயிற்றோடு ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும். உடனே உட்கார வைத்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். டிக்கியில் இருக்கிற அந்தத் தேனுக்கு இதுதான் சரியான நேரம். ஒரு மேஜைக்கரண்டி கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நினைவோடு இருப்பவருக்குப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதித்து, 70-க்கு மேல் வந்திருந்தால் ஒரு பிடி சுண்டலோ இரண்டு இட்லியோ கொடுத்த பிறகுதான் அடுத்த படி ஏற வேண்டும். இறங்குவதற்கு முன் செம்மேட்டிலேயே சாப்பாட்டை முடித்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.